நியூசிலாந்துப் பெண்களின் வாக்குரிமை யார் தந்த கொடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான பெண்கள் வாக்குரிமை பற்றிய கட்டுரை, 1893-இல் நியூசிலாந்துப் பெண்களுக்கு லிபரல் அரசு வாக்குரிமை வழங்கியது என்று ஒரே வரியில் கடந்து செல்கிறது. வழங்கியவர்களைச் சொன்ன கட்டுரையாளர், கேட்டவர்களை விட்டுவிட்டார்.

1885-இல் அமெரிக்காவிலிருந்து வந்த மேரி லெவிட், ஊர் ஊராகச் சென்று பெண்கள் கிறித்தவ மதுவிலக்குச் சங்கத்தின் கிளைகளைத் தொடங்கினார். குடியால் சீரழியும் குடும்பங்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்றால், சட்டம் இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் வேண்டும் என்பதை அப்பெண்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். சங்கத்தின் வாக்குரிமைப் பணியை 1887-இல் ஏற்ற கேட் ஷெப்பர்டின் முயற்சியால் 1891-இல் 9,000-க்கும் மேற்பட்ட, 1892-இல் சுமார் 20,000, 1893-இல் ஏறத்தாழ 32,000 கையெழுத்துகள் நாடாளுமன்றத்துக்கான மனுக்களில் திரண்டன. கடைசி ஆண்டின் பெரிய மனுவைத் தாள் தாளாக ஒட்டி, துடைப்பக் கட்டையில் சுருட்டி, பெண்கள் வாக்குரிமையை ஆதரித்த நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜான் ஹால் அவையில் உருட்டிவிட்டார். அதன் நீளம் சுமார் 270 மீட்டர்.

வாக்குரிமைக்கும் மதுவிலக்குக்கும் உள்ள இந்தத் தொடர்பை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் மது வணிகர்கள்தாம். அவர்கள் பக்கம் நின்ற டனீடின் நகர நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி ஃபிஷ், கூலிக்கு ஆள் வைத்து மதுவிடுதிகளில் எதிர்மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார். தாமே ஒரு காலத்தில் மதுவிடுதி நடத்திய பிரதமர் ரிச்சர்ட் செடன், மேலவையில் தம் கட்சி உறுப்பினர் ஒருவரை வாக்குரிமை மசோதாவுக்கு எதிராக மாற்றி வாக்களிக்கச் செய்தார். இந்தத் தலையீட்டால் சினமுற்ற இரு எதிர்ப்பாளர்கள் வேண்டுமென்றே ஆதரவாக வாக்களிக்க, மசோதா 20-க்கு 18 என்று தப்பித்தது. செப்டம்பர் 19 அன்று சட்டமானது. பிரதமரே கவிழ்க்க முயன்ற ஒரு சட்டத்தை அவரது அரசின் கொடை என்று எழுதுவது எனக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது.

சங்கத்திடமும் குறை இல்லாமல் இல்லை. அதில் சேர விரும்பிய, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள், தங்கள் மரபான மோகோ பச்சைகுத்தலைக் கைவிடுவதாக உறுதியளிக்க வேண்டியிருந்தது.

அவர்கள் முதன்மையாக நாடிய மதுவிலக்கோ கைகூடவே இல்லை. 1911-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 56 விழுக்காட்டினர் ஆதரித்தும், 60 விழுக்காடு தேவை என்ற விதியால் அது தோற்றது. 1919-இல் நடந்த வாக்கெடுப்பில் வெளிநாட்டிலிருந்த படைவீரர்களின் வாக்குகள் அதைக் கவிழ்த்தன. அதே 1919-இல்தான் பெண்கள் தேர்தலில் போட்டியிடும் உரிமை பெற்றனர். 1933-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் எலிசபெத் மெக்கோம்ப்ஸும் மதுவிலக்கு இயக்கத்தில் பணியாற்றியவரே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்