219-ம் 255-ம் ஒரே சிவப்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த புகைப்படக் குறிப்புகளில், கேமரா மெனுவில் 'கலர் ஸ்பேஸ்' (எந்த எல்லைக்குள் நிறங்களை எண்ணாக எழுதுவது என்ற கணக்கு) என்ற இடத்தில் எஸ்ஆர்ஜிபியை எடுத்துவிட்டு அடோபி ஆர்ஜிபி வைக்கச் சொல்லியிருந்தது. நிறம் அதிகம் கிடைக்கும் என்பது காரணம். அதை அப்படியே செய்து ஜேபெக் படங்களை நேராக அச்சுப் போடும் லேபில் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு ஆல்பம் வெளிறித்தான் வரும்.

அடோபி ஆர்ஜிபி பெரியது என்பதில் சந்தேகமில்லை. எஸ்ஆர்ஜிபி 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வைத்தது. அன்றைய கண்ணாடிக் குழாய் மானிட்டர் காட்டக்கூடிய நிறங்களே அதன் எல்லை. இந்த எல்லையை ஒரு முக்கோணமாக வரைந்தால், இரண்டு வருடம் கழித்து வந்த அடோபி ஆர்ஜிபியில் சிவப்பு மூலையும் நீல மூலையும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. பச்சை மூலையை மட்டும் வெளியே இழுத்திருக்கிறார்கள். ஆகவே ஆதாயம் பெரும்பாலும் நாற்றங்கால் பச்சை, மயில்கழுத்து, கடல் நீலப்பச்சை ஆகியவற்றில். கல்யாண வீட்டின் குங்குமத்துக்கும் அரக்குப் பட்டுக்கும் இதனால் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது.

கோளாறு எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரையிலான மூன்று எண்களாக எழுதப்படுகிறது. எஸ்ஆர்ஜிபியில் 255, 0, 0 என்று எழுதப்படும் சிவப்பு, அடோபி ஆர்ஜிபியில் 219, 0, 0. இரண்டும் ஒரே சிவப்பு. எஸ்ஆர்ஜிபியின் முழுப் பச்சை அங்கே 144, 255, 60 ஆகிவிடும். எந்தக் கணக்கில் எழுதியது என்பதைக் கோப்போடு ஒட்டியிருக்கும் புரொஃபைல் சொல்ல வேண்டும். பல லேப்களில் மெஷின் அதைப் பார்ப்பதே இல்லை. வருவதெல்லாம் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். 219-ஐ எஸ்ஆர்ஜிபியின் 219 என்று அச்சிட்டால் குங்குமம் முந்தாநாள் பறித்த செம்பருத்தி போல வதங்கிவிடும், முகத்தில் சோகை தட்டும். குறை பேப்பரிலும் இல்லை, கெமிக்கலிலும் இல்லை.

கையில் இருக்கும் படம் எது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பெரும்பாலான கேமராக்களில் அடோபி ஆர்ஜிபியில் எடுத்த ஜேபெக் கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். பெயரை மாற்றிவிட்டால் இந்த அடையாளம் போய்விடும். அப்போது போட்டோஷாப்பில் திறந்துதான் பார்க்க வேண்டும்.

திருத்தும்போது நடக்கும் தவறு இன்னொன்று. போட்டோஷாப்பின் எடிட் மெனுவில் 'அசைன் புரொஃபைல்', 'கன்வர்ட் டு புரொஃபைல்' என இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. கன்வர்ட் எண்ணை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். அசைன் எண்ணை அப்படியே விட்டு நிறத்தை மாற்றிவிடும். அடோபி ஆர்ஜிபி படத்துக்கு எஸ்ஆர்ஜிபியை அசைன் செய்பவர், லேப் செய்யும் தவறைத் தன் கையாலேயே செய்து சேமித்துக் கொடுக்கிறார். தேவை கன்வர்ட், சேமிக்கும்போது புரொஃபைலை இணைக்கும் கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். எஸ்ஆர்ஜிபியில் எடுத்த ஜேபெக்கை அடோபி ஆர்ஜிபிக்கு கன்வர்ட் செய்வதும் வீண். இல்லாத நிறம் வராது.

ரா (கேமரா சென்சாரின் பதப்படுத்தாத தரவு) எடுப்பவர்களுக்கு இந்தக் கேமரா மெனுவால் ஒரு பயனும் இல்லை. ரா தரவை அது தொடுவதில்லை. பின்திரையில் தெரியும் படத்தையும் ஹிஸ்டோகிராமையும் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மட்டுமே மாற்றும். முடிவு எடுக்கும் இடம், ராவைத் திருத்திப் படக் கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட். திருத்தும் வரை இன்னும் பெரிய கலர் ஸ்பேஸான புரோபோட்டோ ஆர்ஜிபியில் வைத்துக்கொள்ளலாம், 16 பிட்டில் மட்டும். அதன் பச்சை, நீல மூலைகள் மனிதக் கண்ணுக்கே எட்டாத இடத்தில் இருக்கின்றன. அவ்வளவு அகலத்தை 8 பிட்டின் 256 படிகளில் பரப்பினால் அந்தி வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அந்தக் கோப்பை லேபுக்கு அனுப்பினாலோ, சாம்பலில் தோய்த்தது போல வரும்.

பெரிய கலர் ஸ்பேஸிலிருந்து எஸ்ஆர்ஜிபிக்கு இறக்கும்போது ராணி பிங்க் பட்டுப்புடவையைக் கவனியுங்கள். சிவப்புச் சேனல் முழுக்க 255-இல் முட்டிக்கொண்டு, மடிப்பு மறைந்து, புடவை பிளாஸ்டிக் தாள் போலத் தெரியும். கன்வர்ட் செய்யும்போது 'பெர்செப்சுவல்' (எல்லைக்கு வெளியே உள்ள நிறங்களை வெட்டாமல் சுருக்கி உள்ளே கொண்டுவரும் முறை) தேர்ந்தெடுத்தால் சரியாகும் என்பார்கள். வழக்கமான எஸ்ஆர்ஜிபி புரொஃபைலில் அதற்கான அட்டவணையே கிடையாது. எதைத் தேர்ந்தாலும் வெட்டுதான். புரூஃப் செட்டப்பில் எஸ்ஆர்ஜிபியை வைத்து, கன்ட்ரோல்-ஒய் அழுத்தி சாஃப்ட் புரூஃப் (மாற்றினால் எப்படி வரும் என்ற திரை முன்னோட்டம்) பார்த்து, அந்த ஒரு நிறத்தின் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) மட்டும் 10 முதல் 15 வரை குறைத்தபின் கன்வர்ட் செய்தால் மடிப்பு மீளும்.

'பிரிண்ட் இருட்டாக இருக்கிறது' என்ற புகாருக்கும் கலர் ஸ்பேஸுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவைத்துத் திருத்துவதால் வருவது அது.

அடோபி ஆர்ஜிபி வீண் என்று சொல்லவில்லை. சொந்தமாகப் பிக்மென்ட் இங்க்ஜெட் வைத்து, அந்தப் பேப்பருக்கான புரொஃபைலோடு அச்சிடுபவருக்கு அது வேண்டும். ஆர்ட் பேப்பர் ஆஃப்செட்டின் சயான் மை எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காது, அடோபி ஆர்ஜிபிக்குள் பெரும்பாலும் அடங்கும். ஆனால் செய்தித்தாள் கதை வேறு. தாளே பழுப்புச் சாம்பல். ஒவ்வொரு மையும் 100 சதவீதம் வரை என்ற கணக்கில், நான்கு மையும் சேர்ந்து 240 சதவீதத்தைத் தாண்டினால் பின்பக்கம் ஊறும். எஸ்ஆர்ஜிபியே அதற்கு அதிகம்.

ஐபோன் 7 முதல் ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற வேறொரு கலர் ஸ்பேஸில் வருகின்றன. எஸ்ஆர்ஜிபியின் அதே முழுச் சிவப்பு அங்கே 234, 51, 35. அனுப்பும் வழியில் ஏதாவது ஒரு செயலி புரொஃபைலை உதறிவிட்டால் மறுபடியும் அதே வெளிறல்.

ஆகவே தங்கள் வாசகர் புகைப்படப் பக்கத்து அறிவிப்பில், 'எஸ்ஆர்ஜிபிக்கு கன்வர்ட் செய்த ஜேபெக், புரொஃபைல் இணைத்து, மின்னஞ்சல் இணைப்பாக' என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். லேப் வைத்திருப்பவர்களும் தங்கள் மெஷின் எதை ஏற்கும் என்று கவுன்டரில் எழுதி ஒட்டினால் பாதி ரீபிரிண்ட் குறையும்.

இப்படிக்கு,
புகைப்பட அச்சுப் பணியாளர்,
சிவகாசி