முள் சொல்வதை நம்பலாமா?

யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

காரின் வெப்ப முள் ஒருநாள் கால் பங்கிலேயே நிற்பதாகவும், இன்னொரு நாள் திடீரெனச் சிவப்புக்குப் பாய்ந்து திரும்புவதாகவும் எழுதியிருந்தாய். “மீற்றர் பிழை, பார்க்காமல் ஓடுங்கோ” என்று வவுனியாவில் கராச்காரர் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். நமது கொரோலாவின் 2சி டீசல் எஞ்சினில் அடிப்பகுதியான புளொக் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியான ஹெட் அலுமினியம். சூடு எல்லை மீறினால் ஹெட் வளைந்து, இரண்டுக்கும் இடையே ஒழுகாமல் காக்கும் தகடான காஸ்கற் போய்விடும். ஆகவே எஞ்சின் உண்மையாகவே கொதிக்கிறதா, முள் மட்டும் பொய் சொல்கிறதா என்பதைப் பிரித்தறியும் வரை ஏ9 வீதியில் நீண்ட தூரம் ஓடாதே.

காலையில் எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்து நீர் மட்டத்தைப் பார். பக்கத்துப் பிளாஸ்ரிக் போத்தலில் நீர் தெரிகிறது என்பதோடு நின்றுவிடாதே. நீர் குறைந்து, நீரின் சூட்டை உணர்ந்து முள்ளுக்குச் சொல்லும் சென்சரின் முனை காற்றில் நின்றால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் கீழேயே கிடக்கும். நீராவி பட்டதும் மேலே பாயும். நீ எழுதியதும் ஏறக்குறைய இதுவே. ஏறிய முள்ளைக் கண்டால் எவரும் காரை நிறுத்துவார்கள். ஏறாத முள்ளுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

நீர் நிறைந்திருந்தால் மின்பக்கத்தைப் பார்க்கலாம். முள்ளுக்குரிய சென்சருக்கு ஒரு வயர்தான் வரும். மின் திரும்பும் வழி, அதாவது எர்த், எஞ்சினின் உடம்பு. சூடு ஏற ஏற சென்சரின் மின்தடை குறையும், முள் உயரும். சாவியை ஓனில் வைத்து, எஞ்சினை ஸ்ராட் செய்யாமல், அந்த வயரைக் கழற்று: முள் குளிர்ப் பக்கத்துக்கு இறங்க வேண்டும். பிறகு ஒரு சிறிய 12 வோல்ற் பல்பை இடையில் வைத்து வயரை எஞ்சின் உடம்பில் சிறிது நேரம் தொடு: முள் ஏற வேண்டும். இரண்டும் சரியென்றால் மீற்றரும் வயரும் நல்லவை; சென்சரிலோ எர்த்திலோதான் பழுது. முள் அசையாவிட்டால் வயர் எங்கோ அறுந்திருக்கும், அல்லது மீற்றரே போயிருக்கும். டீசல் அளவைக் காட்டும் மீற்றரும் சேர்ந்து பிழையாகக் காட்டினால், இரண்டுக்கும் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் பகுதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டீசல் எஞ்சினில், குளிரில் ஸ்ராட் செய்ய முன்சூடாக்கும் குளோ பிளக்குக்கென இன்னொரு வெப்ப சென்சரும் இருக்கலாம். அதன் வயரை மாறிக் கழற்றிவிடாதே.

எர்த்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பற்றறியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பட்டியில் பச்சைத் துரு பிடித்திருந்தால் சுரண்டித் துடைத்து இறுக்கு. இங்கே உப்புக் காற்றில் நெடுங்காலம் நின்ற கார் அது. புதிய சென்சர் பூட்டுபவர்கள் நீர் ஒழுகாதிருக்கப் புரியில் வெள்ளை ரேப்பைத் தடிப்பாகச் சுற்றிவிடுகிறார்கள். அந்த ரேப்பே எர்த்தைத் தடுத்து, நல்ல சென்சரையும் பிழையாகக் காட்ட வைக்கலாம்.

காரை ஸ்ராட் செய்து முற்றத்தில் சும்மா நிற்கவிட்டால் முள் மெதுவாகவே எழும்பும். அது பழுதல்ல, அந்த நிலையில் டீசல் எஞ்சின் மிகக் குறைவான எரிபொருளையே எரிக்கும். ஓடும்போதும் தாழ்வாகவே நின்று, றேடியேற்றரின் மேல் ஹோஸ் ஆரம்பத்திலிருந்தே சூடாகி வந்தால், எஞ்சின் சூடேறும் வரை நீரைத் தடுத்து வைக்கும் வால்வான தெர்மோஸ்ராற் திறந்தபடி இறுகியிருக்கிறது. அதைக் கழற்றிப் பானை நீரில் போட்டுக் காய்ச்சு. அதன்மேல் 82 என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய அந்தப் பாகையில் திறக்கத் தொடங்க வேண்டும்.

வலிகாமத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். நாங்கள் வாங்குவதற்கு முன் அந்தக் காருக்குக் கிணற்று நீரையே ஊற்றியிருக்கிறார்கள் என்பது றேடியேற்றரின் வாயில் படிந்திருந்த வெள்ளைக் கல்லிலேயே தெரிந்தது. அந்தப் படிவு சென்சரின் முனையையும் மூடும், கழற்றும்போது கவனி. நீ கூலன்ற் மட்டுமே ஊற்று.

சூட்டை நேரே அளக்க, தூரத்திலிருந்து பிடிக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்றை வாங்கி, தெர்மோஸ்ராற் மூடிக்கு அருகே பிடித்து முள்ளோடு ஒப்பிடு. கொரோனாக் காலத்தில் நெற்றியில் பிடித்தது இதற்கு உதவாது. அது உடம்புச் சூட்டை அளக்கவென்றே செய்யப்பட்டது.

வயரைக் கழற்றியபோதும் பல்போடு தொட்டபோதும் முள் எப்பக்கம் போனது என்பதை எழுது. அதன்பிறகு சென்சர் வாங்குவதா என்று முடிவு செய்வோம். அதுவரை கராச்சில் எதையும் மாற்ற விடாதே.

அன்புடன்,
அப்பா