ஸ்னோ புளோவர் வாங்க முன் உங்கள் டிரைவ்வேயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளிர்கால ஆயத்தம் என்று காருக்குப் போடும் ஸ்னோ ரயர் பற்றியும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பற்றியும் எழுதியிருந்தீர்கள், நல்ல விஷயம். ஆனால் ஸ்னோவை அள்ளித் தூர எறிகிற மெஷினான ஸ்னோ புளோவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2025 பெப்ரவரியில் ரொறன்ரோவில் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்னோ கொட்டித் தீர்த்த பிறகு எங்கள் சனம் நிறையப் பேர் இந்த மெஷினைத் தேடி ஓடுகிறார்கள். பக்கத்து வீட்டில் என்ன நிற்கிறது, எது மலிவு விற்பனையில் கிடக்கிறது, இந்த இரண்டையும்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் தெருவில் எழுபது தாண்டிய ஒரு ஐயாவும் அம்மாவும் இருக்கிறார்கள். இரண்டு கார் நிற்கிற சின்ன டிரைவ்வே. அவர்களுக்கு ஒரு கடைக்காரர் 28 அங்குல அகலத்துக்கு அள்ளுகிற பெற்றோல் மெஷினைத் தலையில் கட்டிவிட்டார். அந்த அளவு மெஷின்கள் நூறு கிலோவைத் தாண்டும். கராஜுக்குள் காரை விட்டால் அதற்கு இடமில்லை, அம்மாவால் அதைத் திருப்பவும் முடியாது. அவர்களுக்கு 20 அங்குலத்தில் ஒரு சின்ன பற்றறி மெஷின் தாராளம்.

சின்னது, அதாவது சிங்கிள் ஸ்டேஜ், ரப்பர் துடுப்பால் நிலத்தை உரசி அள்ளி அப்படியே எறிந்துவிடும். தார், கொங்கிரீட் டிரைவ்வேக்கு, 15, 20 சென்ரிமீற்றர் ஸ்னோவுக்கு அது போதும். கல் பரப்பிய டிரைவ்வேயில் மட்டும் வேண்டாம், கல்லையும் சேர்த்து அள்ளி எறிந்து யாருடைய ஜன்னலையாவது உடைக்கும். பெரியதில், டூ ஸ்டேஜில், முன்னால் உள்ள இரும்புத் திருகு அள்ளிக் கொடுக்கப் பின்னால் ஒரு விசிறி தூர எறிகிறது, சில்லையும் எஞ்சினே ஓட்டுகிறது. ரொறன்ரோவுக்கு வடக்கே பேரி பக்கம் ஏரிக் காற்றோடு கொட்டுகிற இடங்களில், நீளமான டிரைவ்வே வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சரி.

எங்கள் ஆட்கள் மறக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் எல்லாம் துப்புரவாக்கி முடிய, தெருவை வழிக்கிற வண்டி வந்து டிரைவ்வே வாசலில் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். அது புது ஸ்னோ இல்லை, உப்பும் மண்ணும் பனிக்கட்டியும் கலந்த சாம்பல் நிறச் சேறு, இரவில் இறுகிக் கல்லாகிவிடும். சின்ன மெஷின் அதில் ஏறித் துள்ளுமே தவிர வெட்டாது. இறுக முன்னம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். வீட்டில் சவள் பிடிக்க இளம் ஆட்கள் இல்லை, வரம்பும் பெரிதாக விழும் என்றால், 24 அங்குலத்தில் ஒரு டூ ஸ்டேஜ் பார்ப்பது நல்லது. சவளாலேயே செய்யலாம் என்று வயதானவர்களை விடாதீர்கள். 6 மீற்றர் அகலம், 10 மீற்றர் நீளமுள்ள டிரைவ்வேயில் 20 சென்ரிமீற்றர் விழுந்தால், சாதாரண புது ஸ்னோ என்றாலே அது ஒரு தொன் அளவில் வரும். குளிரில் அதைத் தூக்கும்போது இருதயம் படுகிற பாடு சாதாரணமில்லை.

கரண்ட் வயரில் ஓடுகிற மெஷின் மலிவு, ஆனால் வெளியில் பாவிக்கிற தடித்த எக்ஸ்ரென்ஷன் வயர் வேண்டும். பற்றறியைக் கராஜில் விடாமல் வீட்டுக்குள் வையுங்கள், குளிரில் அதன் தெம்பு குறையும். பெற்றோல் மெஷினைக் கதவு திறந்திருந்தாலும் கராஜுக்குள் ஸ்ரார்ட் பண்ணவே கூடாது, அந்தப் புகையில் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு இருக்கிறது, மணமே தெரியாது.

அப்புறம் கை. ஸ்னோவை வெளியே எறிகிற குழாயில் ஈர ஸ்னோ அடைத்துக்கொண்டால் ஒருபோதும் கையை விடாதீர்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் திருகில் இழுவிசை நிற்கும், அடைப்பு விலகியதும் ஒரு சுற்றுச் சுற்றும், விரல் போய்விடும். நிறுத்தி, எல்லாம் ஓய்ந்த பிறகு, தடியால் குத்தி எடுங்கள். மெஷினோடு ஒரு பிளாஸ்ரிக் தடி வரும், அதை எறிந்துவிடாதீர்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் விழும் அந்த வரம்பைச் சில நகரசபைகள் தாங்களே விலக்கிக் கொடுக்கின்றன, சில இடங்களில் முதியவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். எந்த நகரத்தில் என்ன நடைமுறை, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டறிந்து ஒக்டோபர் முடிய முன் தமிழில் போடுங்கள். அந்தச் சேவை கிடைக்கிற வீட்டுக்குப் பெரிய மெஷினே தேவைப்படாது.

அன்புடன்,
மார்க்கம் நகரிலிருந்து ஒரு வாசகர்