குணா, கியூவுக்கு ஒருக்கால் போ

திருகோணமலை

அன்புள்ள குணா,

நீ திட்டி எழுதினது கிடைச்சுது. திட்டு நியாயம்தான், விடு. அம்மா சுகம், முழங்கால் நோ மட்டும்தான். தவம் அண்ணையின்ர சைக்கிள் கடைக் கொப்பியில உன்ர கடன் இன்னும் வெட்டுப்படேல்லை.

மச்சான், அங்க லண்டனில இருக்கிற கியூ தாவரவியல் பூங்காவுக்கு எப்பவாவது போனியா? கஃபே மரோன் எண்டொரு செடி. கோப்பிக் குடும்பம், வெள்ளைப் பூ. மொரீசியசுக்குக் கிழக்கால இருக்கிற றொட்றிக்ஸ் தீவு மட்டும்தான் அதுக்குச் சொந்த ஊர். அழிஞ்சுபோச்சு எண்டுதான் எல்லாரும் நம்பினவை. பிறகு ஒரு வாத்தியார் பிள்ளைகளை ஊர்ச் செடி தேடச் சொல்ல, பெடியன் ஒருத்தன் கொப்பு முறிச்சுக்கொண்டு வந்தான். அதேதான்! எங்கட வாத்தியார் கேட்டதுக்கு நீ கொண்டுவந்தது ஓணான்.

கதை பரவினவுடன சனம் மருந்தெண்டு மரத்தை முறிக்கத் தொடங்கிட்டுது. குடிச்ச அடுத்தநாள் தலையிடிக்கு நல்லமாம். வேலி போட்டும் விடேல்லை. சீனி வருத்தத்துக்கு நல்லம் எண்டு ஒருத்தன் சொன்னால் நாங்களும் வேரோட கிண்டுவம்தானே, அதால நக்கலடிக்க வாய் வரேல்லை.

1986ல வெட்டுத்துண்டுகள் விமானத்தில கியூவுக்குப் போச்சு. ஒண்டுதான் தப்பிப் பிழைச்சுது. பூத்துது, பூத்துது, விதை மட்டும் இல்லை. கார்லோஸ் மக்டலெனா எண்ட பூங்காக்காரர் பூவில மகரந்தம் ஒட்டுற நுனியை நறுக்கி, வெட்டின இடத்தில மகரந்தத்தைத் தடவித் தடவி, 2003ல காய் எடுத்தார். விசர்தான், ஆனால் எனக்குப் பிடிச்ச விசர்.

முளைச்ச கன்றுக்குத் தாயின்ர சாயலே இல்லை. மண்ணிறத்தில ஒடுங்கின நீட்டு இலை. அந்தக் காலத்து ராட்சத ஆமையை ஏமாத்தத்தான் இந்த வேஷம் எண்டு நினைக்கினம். வளந்தாப்பிறகுதான் பச்சை இலை. ஆமையள் எப்பவோ அழிஞ்சுபோச்சு, செடிக்கு அது தெரியாது. என்ர செம்பரத்தைக்கும் இந்த வித்தை தெரிஞ்சிருக்கலாம். கோட்டை மான்கள் தண்டை மட்டும்தான் மிச்சம் வைச்சிருக்கு.

கன்றுகள் தீவுக்குத் திரும்பிப் போயிருக்கு, சந்தோஷம். ஆனால் எல்லாம் அந்த ஒரே மரத்தின்ர வாரிசு. ஒரு நோய் வந்தால் தாங்க வேற இரத்தம் இல்லை. இரவில படுத்தால் இதுதான் மண்டைக்குள்ள ஓடுது. சிரிக்காதை.

போய்ப் பார். காட்சிக்கு இல்லையெண்டால் ஆரிட்டையாவது கேள். குட்டிக் கன்றின்ர இலை, வளந்ததின்ர இலை இரண்டையும் படமெடுத்து அனுப்பு. ஆமைக்கதை முழுப் புளுகு எண்டு மணியம் சந்தியில நிண்டு கத்துறான்.

சாந்திக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

ரவி