நான்காவது ஸ்லாட்

அன்புள்ள சேகருக்கு,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல், அவர் மறந்துவிட்டேன் என்பார். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. என் கம்ப்யூட்டர் நான்கு நாளாகக் கூடத்தில் வயிறு பிளந்து கிடந்தது. நீ கேட்டிருந்த அதே விஷயம்தான், ராம் (கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் மெமரி) கூட்டுவது.

2020-ல் ஊரடங்கு சமயத்தில் நானே பூட்டிய மெஷின் உனக்குத் தெரியும்: ரைசன் 5 3600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி ராம். எனக்கு அது தாராளம். இப்போது மகள் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரைத் திறந்து, கூடவே குரோமில் நாற்பது டேப் வைத்தால் மெஷின் மூச்சு வாங்குகிறது. எது எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் மெமரி 94 சதவீதம். போர்டில் ராம் செருகும் நான்கு ஸ்லாட்டில் இரண்டு காலி, வாங்கிச் செருகினால் முடிந்தது என்று சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

விலையைக் கேட்டதும் திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றியது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி தயாரிப்பதில்தான் லாபம் என்று கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. 2025 டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற தன் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. "காலையில ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை சார், தங்கம் மாதிரி" என்றார் கடைக்காரர். கடைசியில் யாரோ பயன்படுத்திய ராம் இரண்டு வாங்கினேன், ஒரு வாரம் செக்கிங் வாரண்டியோடு. என்னிடம் இருந்த அதே பிராண்ட், அதே 8 ஜிபி, அதே 3200 வேகம்.

வீட்டில் வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னுடையதில் எட்டு கறுப்புச் சில்லுகள், இதில் நான்கே நான்கு. ஸ்டிக்கரில் ஒன்றில் 1ஆர்எக்ஸ்8, மற்றதில் 1ஆர்எக்ஸ்16. கொள்ளளவு ஒன்று, உள்ளே கட்டியிருக்கும் விதம் வேறு. சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று இறங்கினேன். எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டியின் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சக் கரண்டையும் வடியவிட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போகக் கேபினட் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். என் சொந்த ஜோடி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருந்தது. வாங்கி வந்தவை ஒன்றிலும் மூன்றிலும் போக வேண்டும். ஒன்றாவது ஸ்லாட்டின் தலைக்கு மேல் கூலர் ஃபேன் உட்கார்ந்திருந்தது, அதைக் கழற்றவே அரை மணி நேரம் போயிற்று.

ஆன் செய்தேன். திரை கறுப்பு. போர்டு ஓரத்தில், ராமில் கோளாறு என்று காட்டும் 'டி-ராம்' விளக்கு மட்டும் எரிகிறது. ராம் மாற்றினால் போர்டு அதைப் பழகிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்று தெரியும், ஐந்து நிமிடம் பொறுத்தேன். ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டியதில், நான்காவது ஸ்லாட்டில் இருந்த என் சொந்த ராமே சரியாக உட்காரவில்லை என்று தெரிந்தது. ஃபேனோடு மல்லுக்கட்டியபோது முழங்கை பட்டு மேலே எழும்பியிருக்கிறது. இந்தப் போர்டில் கொக்கி ஒரு பக்கம்தான், மறுபக்கம் எழும்பினால் கண்ணுக்கே தெரியாது. ஹாஸ்டலில் நீ செய்தது போல ரப்பரால் தங்க முனைகளைத் தேய்த்துத் துடைத்து அழுத்தினேன். நீ வாயால் ஊதுவாயே, அதை மட்டும் செய்யவில்லை. எச்சில் ஈரம் ஆகாது என்று இப்போது தெரியும்.

32 ஜிபி காட்டியது. வீடே கொண்டாடியது. போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியைப் போட்டு 3200-க்கு ஏற்றினேன். மறுநாள் குரோம் தானாக மூடிக்கொண்டது, மாலையில் பிளெண்டர். மகள் என்னைப் பார்த்த பார்வை! ராத்திரி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடவிட்டேன், காலையில் எழுந்தால் திரையெல்லாம் சிவப்பாகப் பிழைகள்.

ராம் கெட்டது என்று கடைக்கு ஓடப் பார்த்தேன். நல்லவேளை, அதற்கு முன் ரைசன் தயாரிக்கும் ஏஎம்டியின் அட்டவணையைத் தேடிப் படித்தேன். இந்தத் தலைமுறை ரைசனில் இரண்டு ராம் என்றால் 3200, நான்கும் நிரப்பினால் 2933 வரைதான் அவர்கள் பொறுப்பு. நான்கையும் ப்ராசசருக்குள் இருக்கும் ஒரே மெமரி கண்ட்ரோலர் இழுக்க வேண்டுமே. அதிலும் என்னுடையவை இரண்டு ஜாதி. 2933-க்கு இறக்கினேன், நான்கு சுற்று டெஸ்டும் சுத்தம். வேகம் குறைந்ததை மகள் கவனிக்கவே இல்லை.

இனி உன் மெஷின். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசசர் என்றால் டிடிஆர்3 வகை ராம்தான் போட்டிருப்பாய். என்னுடையது போல டிடிஆர்4 வாங்கிவிடாதே, ராமின் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உட்காராது. ஒரே ஒரு 4 ஜிபி என்கிறாய். இன்னொரு 4 போட்டால் அளவும் கூடும், ப்ராசசருக்கும் ராமுக்கும் இடையே உள்ள இரண்டு பாதையும் (சேனல்) சேர்ந்து ஓடும். ஆனால் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பார். 32 என்றால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண். அப்புறம், மெஷின் திணறும்போது டாஸ்க் மேனேஜரைத் திற. மெமரி பாதிதான் இருந்து டிஸ்க் நூறு காட்டினால் குற்றவாளி ராம் இல்லை, உன் பழைய ஹார்ட் டிஸ்க். அந்தக் காசில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி வாங்கு. என் சந்தேகம் அதுதான்.

ஸ்க்ரூ டிரைவரைத் தேடியபோது அலமாரியில் நம் 64 எம்பி ராம் கிடைத்தது. இரண்டு பேர் மெஸ் காசைப் போட்டு வாங்கியது. இப்போது உள்ளே இருப்பது அதைப்போல் 512 மடங்கு. மகளிடம் காட்டினேன், "இதில் ஒரு போட்டோகூடத் தாங்காதே" என்றாள்.

உன் ராம் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பு. பங்குனியில் ஊருக்கு வரும்போது நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். அதுவரை நீ கழற்றாதே.

அன்புடன்,
முரளி