மூச்சுத் திணறலில் தொடங்கும் பாடம்

அன்பு நண்பா,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். பதில் போடாமல் இத்தனை மாதம் இழுத்தடித்ததற்கு நன்றாகத் திட்டிக்கொள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. நெட்டையன் மகளுக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் ஒருத்தர் கையெழுத்தாவது இனிமேல் புரியட்டும்!

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பாடத்தை மாற்றி அமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. போன வாரம் ரவுண்ட்ஸில் ஒரு மாணவியிடம் மூச்சுத் திணறலின் காரணங்களைக் கேட்டேன். கடகடவென்று ஒப்பித்தாள். "சரி, இவரிடம் முதலில் என்ன கேட்பாய்?" என்றேன். பேச்சே இல்லை. கட்டிலில் இருந்தவரோ தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருக்கிறார், இரண்டு காலும் வீங்கியிருக்கிறது, கணுக்காலுக்கு மேலே அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்டிருந்தாலே அவள் யோசனை இதயத்தின் பக்கம் போயிருக்கும். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புத்தகம் நோயின் பெயரில் ஆரம்பிக்கிறது. நோயாளி கொண்டுவருவது தொந்தரவைத்தான். நாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த வரிசையே தலைகீழ்.

அதனால் தொந்தரவிலிருந்தே பாடத்தை ஆரம்பிக்கிறேன். மூச்சுத் திணறலா? எப்போதிலிருந்து? நிமிடங்களில் வந்ததென்றால் நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்ததா, நுரையீரல் தமனியை ரத்தக்கட்டி அடைத்ததா என்று பார். சில நாளாக, காய்ச்சலோடு என்றால் நிமோனியா. மாதக்கணக்கில் என்றால் ரத்தசோகை, இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-லேயே பிரச்சினையை முன்வைத்துப் படிக்கும் முறையைத் தொடங்கிவிட்டது. நாம் இன்னும் ஒப்பிக்க வைத்துக்கொண்டிருக்கிறோம், அதுதான் ஆத்திரமாக வருகிறது. ஆனால் உடலியங்கியலைக் கரைத்துக் குடிக்காதவனுக்கு இந்த வரிசையும் வெறும் ஊகமாகிவிடும். அதில் ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்க விடமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. வேறோர் இடத்தில் நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்ற பெரியவர் ஒருவர், சில மாதம் கழித்துக் குடல் அடைத்துப்போய் எங்களிடம் வந்தார். பெருங்குடல் புற்று. பழைய தாள்களைப் புரட்டினேன். ஹீமோகுளோபின் 7 என்று ஆய்வக அறிக்கையில் இருக்கிறது. கடுமையான ரத்தசோகை, குடல் புற்றிலிருந்து ரத்தம் கசிந்ததன் அடையாளமாக இருந்திருக்கலாம். டிஸ்சார்ஜ் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நிமோனியா குணமாகிவிட்டது, அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லையடா.

அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மன்றாடியது இதற்காகத்தான். நோயாளியின் விவரங்களை எழுதும் கேஸ் ஷீட்டின் முகப்பில் பிரச்சினைப் பட்டியல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நோயாளி சொன்னது, நாம் கண்டது, நம் கணிப்பு, அடுத்த திட்டம் என்று எழுத வேண்டும். 'ரத்தசோகை, காரணம் தெரியவில்லை' என்று அந்தப் பட்டியலில் ஏறியிருந்தால் யாராவது ஒருவர் காரணத்தைத் தேடியிருப்பார்கள். மாணவர்கள் எழுதும் கேஸ் ஷீட்டைத் திருத்துவதற்கென்றே இனி வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கப்போகிறேன்.

இப்போது உன் பங்கு. வயிற்றுவலி, மயக்கம் இரண்டுக்கும் உன் அனுபவத்திலிருந்து கேஸ்கள் வேண்டும். சிக்கலானதாகப் பார்த்து அனுப்பு, அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. அப்புறம், வழக்கம்போல முதல் வரியிலேயே நோயின் பெயரைப் போட்டு உடைத்துவிடாதே. அதைத் தனித் தாளில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்