பதினோரு நாள் பதிவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் 22 வருடமாக மளிகைக் கடை நடத்துகிறேன். போன ஆடியில், எங்கள் தெருப் பால்காரர் தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லை என் கடைக்கு எதிரே நிறுத்திவிட்டு, மகளின் பிரசவத்துக்காகத் தஞ்சாவூர் போனார். மறுநாள் காலையிலேயே வண்டி இல்லையாம். அவரே எடுத்துப் போயிருப்பார் என்று பூக்கார அம்மா நினைத்துக்கொண்டார். பால்காரர் திரும்பி வந்தது பன்னிரண்டாம் நாள். "அண்ணே, உங்க கேமரா ரோட்டத்தானே பாக்குது" என்று நம்பிக்கையோடு ஓடி வந்தார்.

காவலர் ஒருவரும் வந்து பார்த்தார். ரெக்கார்டரில் பதினோரு நாள் பதிவுதான் இருந்தது. ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் கைவிட்டுப் போயிற்று. மனிதர் இன்றைக்கும் சைக்கிளில்தான் பால் ஊற்றுகிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம்தான் விசாரித்தேன். இரண்டு மெகாபிக்சல் கேமரா, விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் விடாமல் பதிந்தால் நாளுக்கு 21 ஜிபிக்கு மேல் தின்றுவிடும். என்னிடம் நான்கு கேமரா, 1 டிபி (அதாவது 1,000 ஜிபி) ஹார்ட் டிஸ்க். நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேலேயே புதிது பதியும். பதினோரு நாள் கணக்கு அப்படி வந்ததுதான். 4 டிபி போட்டிருந்தால் ஒன்றரை மாதம் நின்றிருக்கும். கேமரா மாட்டியவர் இதைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. ரெக்கார்டரின் கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. கேமரா பதிவைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்க, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும். நேரமே தப்பாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? பாஸ்வேர்டும் மாட்டியவர் வைத்ததேதான். என் கடையை அவர் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்ற நிலையில் இத்தனை நாள் இருந்திருக்கிறேன்.

காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. கடைக்காரர்களிடம் அவ்வளவு வேண்டாம், முப்பது நாளாவது நிற்கட்டும். கேமரா வையுங்கள் என்று எங்களிடம் சொல்லும் காவல் துறையும் வணிகர் சங்கமும் மாதம் ஒருமுறை கடை கடையாக வந்து, எந்தத் தேதியிலிருந்து பதிவு இருக்கிறது, கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம். ஒரு கடைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. மாட்டுபவர்களும் எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
கும்பகோணம்.